பத்தொன்பது அயிரை

மமதா வருடத்தில் இரண்டு முறை அந்த ஓடைக்குப் போவாள். கோடை மழை தொடங்கும் முன் சித்திரையில் ஒரு முறை. மழைக்காலம் ஓய்ந்து தண்ணீர் தெளிந்த பிறகு மார்கழியில் ஒரு முறை. கோலார் தங்க வயலிலிருந்து ஜீப்பில் ஒன்றரை மணி நேரம். ஆந்திர எல்லையை ஒட்டிய மலையடிவாரத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு அதற்கு மேல் முக்கால் மணி நடை. அந்தப் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் அதை ராள்ள வாகு என்பார்கள். கல் ஓடை என்று அர்த்தம். பேருக்கேற்றபடி கற்கள்தான் அதிகம். நல்ல மழை வருடத்தில்கூடத் தண்ணீர் முழங்காலைத் தாண்டாது.

பெங்களூரில் ஒரு ஆய்வு மையம், பாலாற்றில் சேரும் சிற்றோடைகளில் நாட்டு மீன்கள் எந்தெந்த வகை, எத்தனை மிச்சமிருக்கின்றன என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. மமதா விலங்கியல் படித்தவள். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் நான்கு வருடம் பாடம் எடுத்தாள். அந்த வேலையை விட்டுவிட்டு இந்தக் கணக்கெடுப்பில் ஒப்பந்தத்துக்குச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. அவளுக்குத் துணை கிளாரன்ஸ். ஜீப் ஓட்டுவார், வலை பிடிப்பார், மதியச் சாப்பாட்டுக்கு முட்டை அவிப்பார். ஐம்பத்தெட்டு வயது. மமதா அவரை அண்ணே என்பாள், அவர் அவளை மமதாம்மா என்பார்.

ஓடையின் ஒரு சிறு பகுதியை மேலும் கீழும் அடைப்பு வலை கட்டி மறித்து, நடுவில் இருக்கும் ஒவ்வொரு கல்லையும் புரட்டிக் கைவலையால் மீன்களைப் பிடித்து, வெள்ளைத் தட்டில் விட்டு அளந்து, படமெடுத்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். இரண்டாவது வருடம் அப்படிக் கல் புரட்டும்போதுதான் அந்த அயிரை கிடைத்தது. விரல் நீளம். மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டைகள், வாலுக்கு முன்னால் மட்டும் தடித்த ஒரு பட்டை. படம் பார்த்த ஆய்வாளர் உதய், மறுநாளே பெங்களூரிலிருந்து வந்துவிட்டான். அவளைவிட இரண்டு மூன்று வயது சின்னவன். தண்ணீரில் குப்புறப் படுத்துக் கல்லுக்கடியில் எட்டிப் பார்த்தான். எழுந்தபோது சட்டையெல்லாம் சேறு.

"இதுக்கு இன்னும் யாரும் பேர் வைக்கலைன்னு நினைக்கிறேன் மமதா" என்று கன்னடத்தில் சொன்னான்.

சுற்றியுள்ள பதினோரு ஓடைகளிலும் தேடினார்கள். வேறெங்கும் இல்லை. ராள்ள வாகில் மட்டும், அதுவும் மேல்பக்கத்தில் ஒரு கிலோமீட்டருக்குள் மட்டும் இருந்தது. அந்த வருடம் நூற்று நாற்பது எண்ணினார்கள். அடுத்தடுத்த வருடங்களில் தொண்ணூற்று இரண்டு, அறுபத்தி ஒன்று, முப்பத்தி எட்டு. மழை பிந்திக்கொண்டே போனது. அடிவாரத்தில் புதிய ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. ஆறாவது வருடச் சித்திரையில் மமதா ஓடைக்குப் போனபோது ஓடையே இல்லை. வெந்த கற்கள்தான் கிடந்தன. மேலே ஏறிப் போனதும் ஒரு பாறைச் சரிவின் கீழே ஒரே ஒரு மடு மிச்சமிருந்தது. இரண்டு கட்டில் போடும் அளவு. கணுக்கால் ஆழம். வெப்பமானி முப்பத்து மூன்று காட்டியது.

அதற்குள் பட்டை அயிரைகள் பத்தொன்பது இருந்தன.

மமதா போனுக்கு சிக்னல் கிடைக்கும் இடம் தேடிப் பாறைமேல் ஏறி உதயை அழைத்தாள். இரண்டு பக்கமும் ஆபத்துதான் என்றான் அவன். விட்டால் மடு வற்றிவிடலாம், எடுத்தால் வழியிலேயே செத்துவிடலாம். பிடித்து வைத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருக்கிறோம், மையத்தில் தொட்டி தயாராக ஒரு வாரம் ஆகும். "நீங்க அங்க நிக்கிறீங்க. நான் இங்க ஃபேன் கீழ உக்காந்திருக்கேன். நீங்களே முடிவு பண்ணுங்க. எதுவானாலும் நான் உங்க கூட நிக்கிறேன்."

அவள் கீழே இறங்கி வந்தாள். கிளாரன்ஸ் தொப்பியைக் கழற்றி மடுவுக்கு நிழல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவ்வளவு சின்ன நிழலில் என்ன ஆகிவிடும் என்று அவருக்கும் தெரியும்.

"இன்னா சொன்னாரு சாரு?"

"என்னையே முடிவு பண்ணச் சொல்றாருண்ணே."

"என்னக் கேட்டா விட்டுடலாம்மா. இதுங்க எத்தினி வறட்சிய பார்த்துகினு வந்திருக்கும். கல்லுக்கு அடியில எங்கனா ஈரம் இருக்கும், பூந்துக்கும்."

"நாலு நாள்ல காஞ்சிடும்ணே. அப்புறம் நாம வந்து கருவாடுதான் பொறுக்கணும்."

"அப்ப பாதிய எடுத்துக்கலாம். பாதி இங்க இருக்கட்டும்."

மமதா மடுவைப் பார்த்தாள். ஓர் ஓரத்தில் ஏற்கனவே ஒரு சின்ன உளுவை மீன் செத்து மிதந்தது. எந்த ஒன்பதை எடுப்பது, எந்தப் பத்தை விடுவது? விட்டுப் போகும் பத்தும் சாகும் என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது. வெயில் அவள் தலைக்குள் இறங்கியிருந்தது. "எல்லாத்தையும் எடுத்துடலாம்ணே" என்றாள். கிளாரன்ஸ் எழுந்தார். வலையை எடுத்தார்.

பத்தொன்பதும் உயிரோடு வீடு வந்து சேர்ந்தன.

அவள் வீடு தங்க வயலில் மாரிகுப்பம் பக்கம், சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. மாமனார் வேலை செய்த காலத்தில் கிடைத்தது. இப்போது அவளும் கணவன் மனோகரும் மட்டும். கல்யாணமாகி மூன்று வருடம். மனோகர் ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். விடியுமுன் ரயிலேறி, இருட்டிய பிறகு வந்து, சாப்பிட்டுப் படுப்பான். ஞாயிறு ஒரு நாளும் மாதத்தில் ஒரு சனியும் விடுமுறை. அவள் வேலையைப் பற்றி அவன் கேலி பேசியதில்லை. விசாரித்ததும் இல்லை. இரண்டு பேரும் ஓடுகிற ஓட்டத்தில் அதற்கு நேரம் இருந்ததில்லை.

பின்கட்டில் நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றைக் குறுக்கே அறுத்துத் தொட்டியாக்கி, ஓடையிலிருந்து கேன்களில் கொண்டுவந்த தண்ணீரையும் கூழாங்கற்களையும் போட்டாள். பாட்டரியில் ஓடும் காற்றுக் குழாய் இரண்டு. டிரம்மைச் சுற்றி ஈரச் சாக்கு. மனோகர் வேலையிலிருந்து வந்து, காலைக் கழுவாமலே குனிந்து பார்த்தான்.

"இதுக்காடி இத்தினி வருசமா மலை ஏறுற?"

"இதுக்குத்தாங்க."

"சின்னதா கீது. அழகா கீது." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "சோறு போட்டா துன்னுமா?"

"ஐயோ, சோறு கீறு எதுவும் போட்டுடாதீங்க. தண்ணி கெட்டுடும்."

"சரி சரி. போடல."

அவ்வளவுதான் அவள் சொன்னது. பிறகு பல முறை அந்தப் பேச்சை அவள் நினைத்துப் பார்த்தாள். இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்திருக்கலாம்.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், மலைப்பக்கம் கறுத்தது. தங்க வயலில் நான்கு தூறல்தான். ஆனால் அடிவாரத்து ஆட்டுக்காரர் ஒருவர் கிளாரன்ஸுக்குப் போன் செய்தார். மலையில் இரண்டு மணி நேரம் கொட்டியதாம். ஓடை ஓடுகிறதாம்.

கிளாரன்ஸ் வீட்டுக்கே வந்துவிட்டார். "மமதாம்மா, நாளைக்கே கொண்டுபோய் வுட்டுடலாம்."

உதயிடம் கேட்டாள். அவனும் சந்தோஷப்பட்டான். முதல் வெள்ளத்தில் சேறும் கலங்கலும் இருக்கும், ஒரு நாள் பொறுத்து ஞாயிறு காலை விடுங்கள், அதற்குள் ஒருமுறை போய்த் தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள் என்றான். அது சரியான யோசனை. அவளே அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

சனிக்கிழமை விடிந்ததும் அவளும் கிளாரன்ஸும் கிளம்பினார்கள். அன்று மனோகருக்கு விடுமுறை. தூங்கட்டும் என்று எழுப்பாமல் போனாள்.

ராள்ள வாகு ஓடிக்கொண்டிருந்தது. கற்களுக்கு நடுவே செம்மண் நிறத்தில், ஆனால் சத்தமாக ஓடியது. பாறைச் சரிவின் மடு முழங்காலுக்கு நிரம்பியிருந்தது. வெப்பமானி இருபத்தாறு. கிளாரன்ஸ் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றார்.

"நாளைக்கு இந்நேரம் இங்க இருக்கும்மா, நம்ம டிக்கெட்டுங்க பத்தொம்போதும்" என்று சிரித்தார். மமதாவும் சிரித்தாள். வந்த காரியத்தை முடித்து, தொட்டியில் தண்ணீர் இறங்கியிருக்குமே என்று நான்கு கேன் நிரப்பிக்கொண்டார்கள். மூன்று மணிக்கு வீடு வந்தார்கள்.

மனோகர் வாசலிலேயே நின்றிருந்தான். முகம் மலர்ந்திருந்தது.

"உன் மீனுங்களுக்கு இன்னிக்கி நான்தான் டூட்டி. காலைல பார்த்தா வெயிலுக்குத் தண்ணி பாதிக்கு எறங்கிப் போச்சு. நீ வர்ற வரைக்கும் தாங்காதுன்னு லாரித் தண்ணி வந்ததும் ஊத்திட்டேன். லாரிக்காரன் வூட்டுக்கு நாலு கொடந்தான் குடுத்தான். ரெண்டு சமையலுக்கு வெச்சிட்டு ரெண்ட அதுங்களுக்கு ஊத்திட்டேன். நான் குளிக்கக்கூட இல்ல தெரியுமா?"

மமதா கையிலிருந்த கேனைக் கீழே வைத்தாள்.

பின்கட்டுக்குப் போகும் முன்பே அவளுக்கு வாசனை தெரிந்துவிட்டது. வயிற்றுப்போக்கு பரவுகிறது என்று அந்த மாதம் முழுக்க லாரித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடரைக் கண்ணால் அளந்து கொட்டினார்கள். காபி போட்டால்கூட அந்த வாடைதான் அடிக்கும்.

கற்களுக்கடியில் ஒட்டிக்கிடக்கும் மீன் அது. எப்போதும் மேலே வராது. இப்போது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பல ஏற்கனவே மல்லாந்து வெளுத்துக் கிடந்தன. அவள் மண்டியிட்டு இரண்டு கையாலும் அள்ளினாள். கிளாரன்ஸ் கேன்களைத் தூக்கிவந்து வாளிகளில் ஓடைத் தண்ணீரை ஊற்றினார். உயிரோடு இருந்தவை ஏழு. அவற்றின் செவுள் ஓரமெல்லாம் ரத்தச் சிவப்பு.

"இன்னா ஆச்சு? காலைல நல்லா இருந்துச்சே" என்று மனோகர் வாசற்படியில் நின்று கேட்டான்.

கிளாரன்ஸ் நிமிர்ந்து மமதாவைப் பார்த்தார். அவள் திரும்பாமலே சொன்னாள்: "வெயிலுங்க. வெயில் தாங்கல."

"அடப்பாவமே. நான் இன்னும் முன்னாடியே ஊத்தியிருக்கணுமோ?"

"இல்லீங்க. நீங்க போய்க் கொஞ்சம் உக்காருங்க."

ஏழில் நான்கு பொழுது சாய்வதற்குள் போயின. ஒன்று ராத்திரியில். மீதி இரண்டு ஞாயிறு காலை, ஓடையில் கொண்டுபோய் விடலாம் என்று நினைத்திருந்த நேரத்தில். மமதா பத்தொன்பதையும் ஒவ்வொன்றாக அளந்து, எண் எழுதிய காகிதத்தோடு கெடாமலிருக்க எரிசாராயம் ஊற்றிய பாட்டில்களில் போட்டாள். ஏழாம் எண்ணை இரண்டு முறை எழுதிவிட்டாள். திருத்தினாள். மனோகர் அவளுக்கு டீ போட்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அவன் அப்படி டீ போட்டதே இல்லை.

மையத்துக்கு அறிக்கை அனுப்பினாள். இறப்புக்குக் காரணம் என்ற இடத்தில், பிளீச்சிங் கலந்த தண்ணீர் தொட்டியில் சேர்ந்தது, வீட்டில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை சொல்லாதது என் தவறு என்று எழுதினாள். பெயர் எதுவும் குறிப்பிடவில்லை.

அதன்பிறகு மனோகர் அவளிடம் பேச ஆரம்பித்தான். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ராத்திரி சாப்பிடும்போது, அந்த மீன் இன்னா துன்னும், எத்தினி வருசம் உயிரோட இருக்கும், முட்டை எங்க போடும் என்று கேட்டான். அவள் கல்யாணமானதிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் சொன்னாள். அவன் கவனமாகக் கேட்டான். ரயிலில் கூட வரும் நண்பர்களிடம் இதைச் சொன்னதாகவும், தண்ணீர்ப் பஞ்சத்திலும் இரண்டு குடம் ஊற்றியதைக் கேட்டு அவர்கள் தன்னைப் பாராட்டியதாகவும் ஒருநாள் வெட்கத்தோடு சொன்னான். "நம்மளால முடிஞ்சத செஞ்சோம். அதுங்க தலையெழுத்து." மமதா தலையாட்டினாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டில்களை எடுத்துப்போக உதய் நேரில் வந்தான். மனோகர் அவனுக்கு நாற்காலி போட்டு, கடையில் போண்டா வாங்கி வந்தான். உதய் நல்ல பையன். அவளை ஆறுதல்படுத்தத்தான் பேசினான், வழக்கம்போலக் கன்னடத்தில்.

"நீங்க உங்களையே திட்டிக்காதீங்க மமதா. லாரித் தண்ணி, குளோரின். யாரா இருந்தாலும் செய்யக்கூடிய தப்பு. மையத்துலயே ஒருமுறை எங்க ஆளு ஒருத்தர் குழாய்த் தண்ணிய ஊத்தி முந்நூறு மீன் செத்திருக்கு. தெரியாம நடக்குறதுதான்."

தங்க வயலில் பிறந்த யாருக்கும் கன்னடம் புரியாமல் போகாது. மனோகர் போண்டாத் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றான். பிறகு தட்டை உதய் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனான். உதய் போகும்வரை வெளியே வரவில்லை.

மமதா உள்ளே போனபோது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"நான் ஊத்தனதாலயா?"

அவள் கதவைச் சாத்தினாள்.

"கேக்குறேன்ல மமதா. நான் ஊத்தன தண்ணியாலயா?"

"ஆமாங்க."

"எத்தினி நாளா உனக்குத் தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். வாசனை வந்துச்சு."

"கிளாரன்ஸ் அண்ணனுக்கு?"

"தெரியும்."

அவன் இரண்டு கையாலும் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டான். "அஞ்சு வாரமா நான் ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேன். உன் எதிர்லயே உக்காந்து சொன்னேன். நீ கேட்டுகினு இருந்த."

"சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு..."

"இப்ப மட்டும் தாங்கறனா?"

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அன்று மட்டுமல்ல, மழைக்காலம் முழுக்க அப்படித்தான். சண்டை போடவில்லை. சாப்பாட்டை ஒதுக்கவில்லை. மீனைப் பற்றிக் கேள்வி கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டான். குடத்தில் தண்ணீர் எடுக்கும்போதுகூட அவளைக் கேட்டுவிட்டுத்தான் எடுத்தான். "இத்த எடுக்கலாமா?" என்று அவன் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது.

மார்கழி வந்தது. கணக்கெடுப்புக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மனோகர், "நானும் வரேன். நாலு நாள் லீவு சொல்லிட்டேன்" என்றான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த வருடம் மழை நன்றாகப் பெய்திருந்தது. ராள்ள வாகு கண்ணாடிபோல் ஓடியது. தண்ணீர் எலும்பைக் குத்தும் குளிர். மனோகர் தொடைவரை மடித்துக் கட்டிய கைலியோடு அடைப்பு வலையின் ஒரு முனையைப் பிடித்து நின்றான். கிளாரன்ஸ் மறுமுனை. மமதா கற்களைப் புரட்டினாள். கெண்டைக் குஞ்சுகள் வந்தன, உளுவை வந்தது, ஆரல் ஒன்று வந்தது. சாதாரண அயிரைகூட நாற்பதுக்கு மேல் வந்தன. அவை கீழேயிருந்து ஏறி வந்தவை. ஒவ்வொரு முறை வலையைத் தூக்கும்போதும் மனோகர் குனிந்து, "இதா? இதா பாரு" என்றான். அவள் இல்லை என்றாள்.

நான்கு நாளில் அந்த ஒரு கிலோமீட்டரில் புரட்டாத கல் இல்லை. கடைசி நாள் மதியம் மனோகரின் விரல்கள் வெளுத்துச் சுருங்கி, உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனாலும் பாறைச் சரிவின் மடுவை விட்டு ஏறாமல் நின்றான்.

"அந்தப் பெரிய கல்லுக்கு அடியில பார்க்கலியே."

"ரெண்டு தடவ பார்த்தாச்சுங்க."

"இன்னொரு தடவ பாரு."

பார்த்தாள். இல்லை.

"போதுங்க. மேல வாங்க."

கிளாரன்ஸ் வலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜீப்புக்கு முன்னால் இறங்கிப் போனார். இருவரும் பாறையில் வெயில் படும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். அவள் துண்டை எடுத்து அவன் கால்களைத் துடைத்தாள். அவன் தடுக்கவில்லை.

"நான் பாதிய விட்டுட்டு வந்திருக்கணும்ங்க" என்றாள். இதுவரை அவள் யாரிடமும் சொல்லாதது. "கிளாரன்ஸ் அண்ணன் சொன்னாரு. பாதி இங்க இருக்கட்டும்னு சொன்னாரு. நான்தான் கேக்கல. நாலு நாள்ல காஞ்சிடும்னேன். அஞ்சாம் நாள் மழை. பத்து மீன விட்டிருந்தா ரெண்டாச்சும் பொழச்சிருக்கும். உதய் சாருக்கு நான் அத எழுதல. தண்ணியப் பத்தி மட்டும் எழுதனேன்."

அவன் உன் தப்பில்லை என்று சொல்வான் என எதிர்பார்த்தாள். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். மனோகர் ஓடையைப் பார்த்தான்.

"ஆமா" என்றான். "விட்டிருக்கணும்."

அவள் அழ ஆரம்பித்தாள். சித்திரையிலிருந்து அவள் அழவே இல்லை. அவன் அவள் தோளில் கை போடவில்லை. பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டான். "நீ எடுத்துகினு வந்த. நான் ஊத்தனேன். ரெண்டு பேருந்தான்" என்றான். அவன் குரலும் உடைந்திருந்தது. அடிவாரத்திலிருந்து கிளாரன்ஸ் அடித்த ஹாரன் மெல்லக் கேட்கும்வரை அங்கேயே இருந்தார்கள்.

அன்று படிவத்தில் பட்டை அயிரை என்ற வரிக்கு நேரே மமதா பூஜ்யம் எழுதினாள். அடுத்த சித்திரையிலும் பூஜ்யம். அதற்கடுத்த மார்கழியிலும். மூன்று முறை தொடர்ந்து வராத மீனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது மையத்தின் வழக்கம் என்று உதய் தயங்கித் தயங்கிப் போனில் சொன்னான். எடுத்துவிடலாமா என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை. போன் ஸ்பீக்கரில் இருந்தது. மனோகர் எதிரில் உட்கார்ந்து, கிழிந்த கைவலையை ஊசியால் தைத்துக்கொண்டிருந்தான். மமதா அவனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"வேணாம் சார்" என்றாள். "அந்த வரி இருக்கட்டும்."